பங்காருபேட்டை வரை காத்த இடம்

அன்பு மகள் லூயிசாவுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் உன் தாயும் நானும் சுகமாயிருக்கிறோம். மஸ்கட்டின் வெயிலில் நீயும் உன் கணவர் ஷெர்வினும் காக்கப்பட அன்றாடம் மன்றாடுகிறோம். உன் தங்கை ஜெயசீலி பேசத் தொடங்கிவிட்டாள். இதை உனக்கு முதலில் அறிவிக்கவேண்டியவன் நான். ஆனால் அடுத்த வீட்டு ஷைலா அதற்குள் உன்னைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிட்டாளாம். எல்லாவற்றிலும் அவளே முந்திக்கொள்கிறாள்.

அந்த டியூஷன் ஆசிரியன் பாலியல் கொடுமை இழைத்த நாள்முதல் இவள் வாய் திறக்கவில்லை என்பதும், எழுதிக் காட்டியதை வைத்தே வழக்குப் பதிவானது என்பதும் நீ அறிந்ததே. காலையும் மாலையும் அவள் அறைவாசலில் அமர்ந்து திருவசனம் வாசித்தேன். நானே வெண்பாக்கள் இயற்றிப் பாடினேன். கதவு சாத்தியே இருந்தது. பெங்களூர் மருத்துவமனைக்கு ஆலோசனைக்குச் செல்லும் நாட்களில், ஆண்கள் நிறைந்த பெட்டியில் ஏற அஞ்சுகிறாள் என்பதால், தினமும் வேலைக்குப் போகும் ஷைலாவுடன் பெண்கள் பெட்டியில் ஏற்றிவிட்டு நான் அடுத்த பெட்டியில் போவேன். நம்மூர் ரயிலின் வழக்கத்தை நீ மறந்திருக்கமாட்டாய். பின்னால் ஏறுகிறவளுக்காக முன்னால் ஏறியவள் துப்பட்டாவை விரித்து இடம் பிடித்து வைப்பாள். அப்படி ஒருநாள், பங்காருபேட்டையில் ஏறும் தோழி பியாட்ரிஸுக்காகப் பிடித்த இடத்தை இவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஷைலா கழிவறைக்குப் போயிருக்கிறாள். அதற்குள் ஒருத்தி துப்பட்டாவைச் சுருட்டி இவள் மடியில் எறிந்து, உட்கார்ந்துகொண்டு, “இன்னாம்மா மொறைக்கற? உங்கப்பன் ஊட்டு ரயிலா இது?” என்றாளாம். “எங்கப்பன் ஊட்டு ரயிலு இல்ல. பியாட்ரிஸ் அக்கா எடம். எந்திரிங்க” என்றாளாம் நம் பெண். வந்து உட்கார்ந்தவள் எழுந்தேவிட்டாளாம். ஷைலா ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாளாம். பெங்களூரில் இறங்கிய பிறகே எனக்குச் சொன்னார்கள். இத்தனை மன்றாட்டுக்குப் பின் அவள் பேசிய முதல் வாக்கியத்தில் நானும் வருகிறேன், இல்லை என்று மறுக்கப்படுவதற்காக.

இப்போது பேச்செல்லாம் ஷைலாவோடுதான். சுவருக்கு அந்தப்புறம் இருவரும் சிரிப்பது என் ஜெபவேளையில் கேட்கிறது. பொறாமையா என்று உன் தாய் கேட்டாள். ஆம். நான் கேட்டதை ஆண்டவர் கொடுத்தார், அடுத்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அடுத்த வாரம் கோலார் நீதிமன்றத்தில் அவள் சாட்சி சொல்லவேண்டும். நடந்ததைக் கண்ணியமாகக் கூறத் தூய தமிழில் ஓர் உரை எழுதி மனப்பாடம் செய்யக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, “இது நீங்க பேசறது டாடி. எனக்கு நடந்தத நானே சொல்லிக்கிறேன்” என்று திருப்பித் தந்துவிட்டாள். நம்பிக்கையான ஒருவர் உடனிருக்கலாம் என்று வக்கீலம்மா சொன்னதும், சற்றும் யோசியாமல் “ஷைலாக்கா” என்றாள். அன்று எனக்கு ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை. உன் தாயோ ஷைலாவுக்குக் கோழிக்குழம்பு கொடுத்தனுப்பினாள்.

நேற்று ஆராதனை முடிந்து திரும்புகையில், நான் எங்கே இருக்கட்டும் என்று அவளிடமே கேட்டேன். எங்கள் தெருமுனை வரை நடந்தாள். பிறகு, “உள்ள வந்தீங்கன்னா உங்க மூஞ்சப் பாத்து பாதிய முழுங்கிடுவேன் டாடி. கதவாண்ட இருங்க. டீ குடிக்கறேன்னு எங்கயும் போயிடாதீங்க” என்றாள்.

நீ அவளோடு பேசும்போது இதைச் சொல், அதைச் சொல்லாதே என்று கற்பிக்காதே, பேசும்வரை காத்திரு. ஷெர்வின் இரத்த அழுத்த மாத்திரையைத் தவறவிடவேண்டாம். உங்கள் போக்கையும் வரவையும் ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. சாட்சி நாளன்று உள்ளே ஷைலா இருக்கட்டும். கதவருகே நான் நிற்பேன்.

உன் அன்புத் தகப்பன்,
டக்ளஸ்
நந்திதுர்க்