பின்னால கதைக்கிற ஆம்புள

தோஹா
12.03.2006

அன்புள்ள ஸம்றாவுக்கு, ஸலாம்.

அல்லாஹ்ட காவலால சுகமா இரிக்கன். பெருவிரலளவில ஒரு எம்பி3 பிளேயர் வாங்கிரிக்கன் புள்ள. பொக்கட்டில போட்டுட்டு வேலைக்குப் போற பஸ்ஸில கேக்கலாம். போன் எடுத்தா, கதைக்கத் தொடங்கமுந்தி காட் முடிஞ்சிருது. நீ கசட்டில பேசிப் பதிஞ்சு, கொமினிகேசன் கடையில குடுத்து எம்பி3 ஆக்கி, சீடியில அனுப்பு. பாட்டுக்கு 128 கேபிபிஎஸ் வேணும், பேச்சுக்கு 64ல அமுக்கினாப் போதும் எண்டு சொல்லு. பிளேயரில இடம் கொஞ்சந்தான்.

உன்ட
முஸ்தாக்

கல்முனைக்குடி
09.04.2006

அன்பு மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

சீடி இதோட வருது. வீடு தருவாங்க எண்டு சொல்லிச் சொல்லி, இன்னும் தகரக் கொட்டில்லதான் இரிக்கன். பக்கத்துக் கொட்டில்ல இருமினா இஞ்ச கேக்கும். நம்மட கலியாணப் போட்டோவெல்லாம் சுனாமியில கடலுக்குப் போன கவலைதான் இன்னும் ஆறல்ல. சீடிக்குள்ள உங்களுக்கொரு அதிசயம் வச்சிரிக்கன். கடைசிமட்டும் கேளுங்க.

உங்கட
ஸம்றா

தோஹா
02.05.2006

ஸம்றா, ஸலாம்.

கேட்டன். இடையில ஒரு ஆம்புள கதைக்கிறான். நீ சிரிச்சுச் சிரிச்சு மறுமொழி சொல்லுறாய். ஆரு அவன்? இதா அதிசயம்? 64ல அமுக்கினதால தகரத்துக்குள்ள கதைக்கிற மாதிரி இரிக்கி, ஆள் புடிபடல்ல. சின்னதாக்காம, பதிஞ்சதப் பதிஞ்சபடி வேவ் ஃபைலா அனுப்பு. பெருசா வரும், பிளேயர் தாங்காது. றூமில கூட இரிக்கிற அப்துல் கபூர் காக்காட கொம்பியூட்டரில பெரிய ஸ்பீக்கர் போட்டுக் கேக்கன். பக்கத்துக் கொட்டில்ல ஆரு எண்டும் எழுது.

முஸ்தாக்

கல்முனைக்குடி
28.05.2006

மச்சானுக்கு, ஸலாம்.

பக்கத்துக் கொட்டில்ல, புருசனக் கடலுக்குக் குடுத்த பொம்புள ரெண்டு புள்ளைகளோட இரிக்கா. போதுமா?

அமுக்காத சீடி அனுப்பிரிக்கன். ஒரு பேச்சுக்கு இவ்வளவு பெரிய ஃபைலா எண்டு கடைக்காரர் கேட்டார். என்னத்தச் சொல்ற? ஆளுட பேர நான் சொல்லமாட்டன். பெரிய ஸ்பீக்கர் இரிக்கிதானே, நீங்களே கண்டுபுடிங்க.

ஸம்றா

தோஹா
21.06.2006

ஸம்றா,

இப்ப தெளிவாக் கேக்குது. "கதவ வடிவாச் சாத்திப்போட்டுப் படு புள்ள" எண்டுறான். நான் கூப்பிடுற மாதிரியே உன்னப் புள்ள எண்டு கூப்பிடுறான். கபூர் காக்கா அதக் கேட்டுட்டு என்னப் பாத்துச் சிரிச்சார். நிப்பாட்டிப்போட்டு எழும்பி வந்துட்டன். என்ட மானம் போயிற்று. உன்ட கூடப்பிறந்த காக்காவுக்கு எழுதிட்டன். அவர் விசாரிச்சு ஒரு முடிவச் சொல்லட்டும்.

முஸ்தாக்

கல்முனைக்குடி
16.07.2006

முஸ்தாக் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நீங்க ஸலாம் எழுதாட்டியும் நான் எழுதுறன்.

காக்கா உங்கட கடிதத்தோட வந்தார், முகம் கறுத்து. ஒரு பழைய கசட்டப் போட்டன். ரெண்டு வசனம் கேட்டுட்டு, "இது முஸ்தாக்தானே" எண்டார்.

ஓம், அது நீங்கதான். கலியாணம் முடிச்ச வரிசம், முதல் பயணம் போய் எனக்குப் பேசி அனுப்பின கசட். என்ட மூத்த றாத்தா றாஹிலாட சம்மாந்துறை வீட்டில மறந்து வச்சிட்டு வந்ததால கடல் எடுக்கல்ல. நிவாரணத்தில கிடச்ச, கசட் போடுற றேடியோவில அத ஓடவிட்டு, றாத்தாட டேப்பில என்ட குரலோட பதிஞ்சன். அப்ப நீங்க கேட்டதுக்கெல்லாம் இப்ப மறுமொழி சொன்னன். சந்தோசப்படுவீங்க எண்டு நினச்சன்.

கபூர் காக்காவுக்கு விளங்கினது உங்களுக்கு விளங்கல்ல. பதிஞ்சு கேட்டா அவனவன் குரல் அவனவனுக்குத் தெரியாதாம், கடைக்காரர் சொன்னார். அது சரி, என்ட குணமுமா தெரியாமப் போச்சு?

இனி எம்பி3யும் வேணாம், வேவும் வேணாம். எனக்கு அந்தக் கசட்டே போதும். அதுல இரிக்கிற மனிசன் என்னட்ட ஒருநாளும் "ஆரு அவன்" எண்டு கேட்டதில்ல. அவர் சொன்னபடி, கதவ வடிவாச் சாத்திப்போட்டுத்தான் படுக்கன்.

ஸம்றா