நெற்றியில் பள்ளம்

அன்புள்ள அம்மாவுக்கு மதோஷ் வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

மடத்தில் புதுத் தேவாலயம் கட்டுகிறார்கள். அதனால் கொள்ளைநோயில் செத்தவர்களின் குழியைத் தோண்டி, எலும்புகளை நிலவறையில் அடுக்குகிறோம். அப்பாவைப் புதைத்த அதே குழிதான். நேற்று, அப்பாவுக்கு இருந்ததுபோலவே, நெற்றியில் குதிரை உதைத்த பள்ளத்தோடு ஒரு மண்டையோடு கிடைத்தது. "அப்பா!" என்று கத்திவிட்டேன்.

துறவி புரோகோப் சிரித்தார். "இதே மாதிரி ஏற்கெனவே ரெண்டு எடுத்து வெச்சிருக்கேன். எத்தனை அப்பாடா உனக்கு?"

நானும் சிரித்தேன். ஆனால் அந்த மூன்றையும் மற்றவற்றோடு அடுக்க மனம் வரவில்லை. தனியே வைத்திருக்கிறேன். குனிந்து வேலை செய்தால் மூவரும் என் முதுகையே பார்ப்பதுபோல் இருக்கிறது.

கம்பளிக் காலுறை இருந்தால் அனுப்புங்கள். அப்பாவுக்குப் பள்ளம் இடப்பக்கமா, வலப்பக்கமா? எனக்கு முகமே நினைவில்லை.

கடிதத்தைக் கொண்டுவரும் வண்டிக்காரர் அவசரப்படுத்துகிறார். உங்கள் பதில் வரும்வரை மூவரிடமும் "வேலைக்குப் போறேன், அப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் தினமும் வேலையைத் தொடங்குவேன்.

உங்கள் மகன்,
மதோஷ்