மூடியில் வரைந்த முயல் காது

என் அறைத்தோழிக்கு,

பத்து நாளைக்கு முன்பு ஆய்வக ஃப்ரீசரைச் சுத்தம் செய்தபோது, அடித்தட்டின் பனிக்குள் உன் குப்பி ஒன்று கிடைத்தது. சுண்டுவிரல் நகமளவு மூடி. அதன்மேல் கறுப்பு மையில் நீ வரைந்த இரண்டு காது. கையில் வைத்துக்கொண்டு முதலில் அழுதேன், அப்புறம் சிரித்தேன். ஏன் என்று சொல்கிறேன், கேள்.

நீ மலைமேல் இருக்கும் நெல்லிவாசலிலிருந்து ஜீப்பும் பஸ்ஸும் மாறி வேலூருக்குப் படிக்க வந்தவள், நான் படவேட்டுக்காரி. விடுதியில் ஒரே அறை, ஆய்வகத்தில் ஒரே மேசை. செல்லின் கருவுக்குள் இருக்கும் ஏற்பியோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு புரதம்தான் உன் ஆராய்ச்சி. அது இருக்கிறதா என்று காட்டித்தரும் ஆன்டிபாடி, முயலின் ரத்தத்திலிருந்து எடுத்தது. வந்த அன்றே அதைச் சின்னச் சின்னக் குப்பிகளில் பிரித்து, மூடிக்கு மூடி காது வரைந்தாய்.

"இன்னாடி இது, பால்வாடியா?" என்று கேலி செய்தேன்.

"சிரி, சிரி. அவசரத்துல எது எந்தப் பிராணியோடதுன்னு மறந்துட்டீன்னா அப்பத் தெரியும்" என்றாய்.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் இரண்டு வருடமாகிறது. உன் முயல் ஆன்டிபாடி இப்போது விற்பனையில் இல்லை. போன மாதம் நம் ஆய்வு வழிகாட்டி மேடம் வேறொன்றை வரவழைத்து, உன் சோதனையைத் திரும்பச் செய்யச் சொன்னார். மூன்று முறை செய்தேன். புரதம் இருந்தால் சோதனைத் தாளில் கறுப்புக் கோடு விழ வேண்டும்; அந்த இடம் வெறுமையாகவே இருந்தது. "அவ கட்டுரைய வாபஸ் வாங்க வேண்டி வருமோ?" என்றார் மேடம். அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தை உன் அப்பா சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். மற்றது எதுவும் புரியாது, உன் பெயரை மட்டும் விரல் வைத்துக் காட்டுவார். வாபஸ் வாங்கினால், அதைக் கழற்றச் சொல்ல நான்தான் மலையேற வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் உன்னைச் சந்தேகப்பட்டேன். சரியாகத் தூங்கவே இல்லை.

காதைப் பார்த்ததும்தான் உறைத்தது. புதிய ஆன்டிபாடி சுண்டெலியில் செய்தது. அதைப் பிடித்துக் கோடாகக் காட்ட, இரண்டாவதாக ஊற்றும் ஆன்டிபாடியும் எலிக்கானதாக இருக்க வேண்டும். நானோ பழக்கதோஷத்தில் மூன்று முறையும் முயலுக்கானதையே ஊற்றியிருக்கிறேன்! மாற்றி ஊற்றினேன். நீ சொன்ன அதே இடத்தில் கோடு. ஒப்பிட்டுப் பார்க்க வைத்த, அந்தப் புரதத்தை நீக்கிய செல்லில் கோடே இல்லை; ஆக, நீ கண்டது சரிதான். "தப்பு என்னுதுதான் மேடம்" என்றேன். நன்றாகத் திட்டினார். திட்டு வாங்கும்போதே மூச்சு லேசாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போனேன்.

"இன்னா கண்ணு, சொல்லாம கொள்ளாம இம்மாந் தூரம்?" என்றார் அப்பா.

"சும்மாதாம்பா. உங்களப் பாத்துட்டுப் போலாம்னு."

சாமைச் சோறு போட்டார். சட்டத்தைத் துண்டால் துடைத்து, வழக்கம்போல் உன் பெயரைக் காட்டினார். நானும் அதன்மேல் விரல் வைத்தேன். நடந்ததை அவரிடம் சொல்லவில்லை. சொல்ல அவசியமே இல்லாமல் போனதுதான் பெரிய நிம்மதி.

இன்று புதிய குப்பிகளின் மூடியில் எலி வால் வரைந்தேன். எனக்கு உன் கை வராது; எல்லாம் புழு மாதிரி இருக்கிறது. பக்கத்து மேசையில் சிரித்தார்கள்.

"சிரி, சிரி" என்றேன்.