என் பேரில் எழுதிய உன் நாக்கு

என் அன்னம்மாவுக்கு,

நான்தான் எழுதுகிறேன். யாரையும் எழுதச் சொல்லவில்லை, என் கையாலேயே. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் பள்ளிக்கூடத்தில் கிழவர்கள் ஆறு பேருக்கு எழுத்து சொல்லித் தருகிறார்கள். ஒரு வரி முடிவதற்குள் பென்சில் மழுங்கிவிடுகிறது. 'ழ'வைச் சுற்றி வர எனக்கு ஒரு முழு மூச்சு ஆகிறது. ஆனாலும் மனசில் இருந்தது தாளில் வந்து நிற்கிறதே! ஆம்பூர் கடைத்தெருவில் ஒவ்வொரு பலகையாக நின்று படித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன். ஒரு கடைக்காரன் கடன் கேட்க நிற்கிறேன் என்று நினைத்து உள்ளே போய்விட்டான்.

கல்லறைத் திருநாளுக்கு உனக்குப் பூவோடு இந்தக் கடிதத்தையும் வைப்பேன். கோயில் பத்திரிகையிலும் போடலாம் என்றார் வாத்தியார். போடட்டும். நாளைக் காலை தோல் பதனிடும் ஷாப்பில் ஒரு தாளில் நான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன்னால் உன்னிடம் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது.

உனக்கு நினைவிருக்கும். தோலில் மயிர் கழிக்கிற சுண்ணாம்புக் குழியில் நின்று நின்று என் கால் புண்ணாகி, இனி இறங்கக்கூடாது என்று ஆனபோது, தோலைப் பதப்படுத்தும் பட்டையை இடிக்கிற முற்றத்துக்கு என்னை அனுப்பினார்கள். அது முழுக்கப் பெண்கள் வேலை. நீயும் அங்கேதான் உலக்கை போட்டுக்கொண்டிருந்தாய். முதல் நாள் உன் கூட்டாளிகள் என்னை விட்டார்களா?

"வாக்கா, குந்து. மஞ்சள் பூசிக்கினு வர்லியா?"

"புடவை கட்டத் தெரியுமா, இல்ல அன்னம்மா கட்டிவுடணுமா?"

காது சிவந்து போனேன். ஆனால் மத்தியானம் அவர்களே கூழில் பங்கு கொடுத்தார்கள். உலக்கையை எப்படிப் பிடித்தால் தோள் வலிக்காது என்று காட்டினார்கள். பதினைந்து நாள் ஆகவில்லை, முற்றத்துக்கு என்னையே மேஸ்திரி ஆக்கிவிட்டார்கள். ஒரு முக்காலி கொடுத்தார்கள். உங்களில் ஒருத்தி இடிப்பதில் பாதியாவது எனக்கு இடிக்க வருமா? வராது. மீசை இருந்தது, அவ்வளவுதான்.

அந்த முக்காலியில் உட்கார்ந்துதான் நான் கெட்டேன்.

ஏலகிரி அடிவாரத்திலிருந்து ஆவாரம்பட்டை வண்டி வண்டியாக வந்து இறங்கிய வாரம் அது. தார்ப்பாய் போட்டு மூடவேண்டியது மேஸ்திரி வேலை. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன். மழை கொட்டியது. பட்டையின் சாரமெல்லாம் சிவப்புத் தண்ணீராக வாய்க்காலில் ஓடியதை என் கண்ணால் பார்த்தேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. வெயிலில் உலர்த்தி, ஒன்றும் நடக்காதது போல் இடிக்கச் சொன்னேன். நிறம் அதே நிறம்தான். நீ மட்டும் உலக்கையை நிறுத்திவிட்டுக் கேட்டாய்.

"இன்னாயா இது, ஒருத்திக்கும் தும்மலே வரல?"

நல்ல பட்டை இடித்தால் தூள் மூக்கில் ஏறித் தும்மல் வரும். அன்றைக்கு முற்றம் அமைதியாக இருந்தது. "வேலையைப் பாரு" என்றேன்.

அந்தத் தூளைப் போட்டு ஊறவைத்த தண்ணீரில்தான் தோல்கள் கிடந்தன. தோல் பதமாகிவிட்டதா, தொட்டித் தண்ணீரில் இன்னும் வீரியம் இருக்கிறதா என்பதை நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்வது தொட்டி மேஸ்திரியின் வேலை. துவர்ப்பு நாக்கை இறுக்கிப் பிடிக்க வேண்டும். நம் தொட்டி மேஸ்திரி நாள் முழுக்கப் பாக்கு மெல்லுகிறவர். அவர் நாக்கு பாக்கிலேயே துவர்த்துக் கிடந்தது. பச்சைத் தண்ணீரை வைத்தாலும் அவருக்குத் துவர்க்கும். இடிக்கிற உங்களுக்கோ பட்டைத் தூள் எப்போதும் உதட்டில்தான். சாரம் எது, சக்கை எது என்று உங்களுக்குத் தெரியாதா?

மதராசுக்கு அனுப்பத் தோல்களை எடுக்கச் சொல்லி அவர் கை காட்டியபோது, நீ கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒரு விரலைத் தொட்டியில் விட்டு நாக்கில் வைத்தாய்.

"எடுக்காதீங்க மேஸ்திரி. இதுல ஒண்ணும் இல்ல."

பெண் கை பட்டால் தொட்டி கெட்டுவிடும் என்பது அங்கே நம்பிக்கை. ஆண்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

"தொட்டியில கை வுட்டியா? சோறாக்கற பானைன்னு நெனச்சியா?"

"பானைன்னா இத்தினி நாள் யாரும் வயித்துக்குத் துன்னிருக்க மாட்டாங்க. உப்பு ஒரப்பு ஒண்ணும் இல்ல."

யாரோ சிரித்துவிட்டார். மேஸ்திரியின் முகம் மாறிவிட்டது. பெரிய முதலாளியைக் கூட்டிவந்தார். "இவ சொல்றது தப்பாயிருந்தா, இவளும் இவ புருஷனும் ஷாப்ப வுட்டுப் போவணும். ஷாப்பு குடுத்த குடிசையும் காலி பண்ணணும்" என்றார் மேஸ்திரி. நம் பெண் சகாயமேரி அப்போது உன் இடுப்பில் இருந்தாள்.

நீ என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். மழை எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் நீ சொன்னது உண்மை என்று ஆகிவிடும். ஆனால் என் முக்காலி போய்விடும். வாயைத் திறக்கவில்லை அன்னம்மா. தொண்டை அடைத்துக்கொண்டது என்று இத்தனை வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். தொண்டையில் ஒன்றும் இல்லை.

"வெட்டிப் பாருங்க" என்றாய் நீ. நல்ல தோலை வெட்டுவதா என்று எல்லோரும் பதறினார்கள். முதலாளி ஒரு தோலை எடுத்து விரிக்கச் சொன்னார். பிறகு அவரே கத்தியை வாங்கி, கழுத்துப் பக்கத்தில் தடிப்பான இடமாகப் பார்த்துக் கீறினார். பதமான தோல் என்றால் உள்ளே ஒரே பழுப்பாக இருக்கும். அதில் நடுவில் நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. பச்சைத் தோல். அப்படியே அனுப்பியிருந்தால் கப்பலிலேயே அழுகியிருக்கும்.

"பட்டையில இன்னா கோளாறு?" என்று முதலாளி கேட்டார்.

"மழையில நனைஞ்சிருக்குங்க."

"யார் பாத்துக்கிட்டது?"

மூடாமல் விட்டவன் யார் என்று உனக்குத் தெரிந்திருந்தது.

"மழை சொல்லிட்டா வருதுங்க?" என்றாய் நீ. அதோடு விட்டுவிட்டாய். ஏன் விட்டாய்? ஒரு நாளும் நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

பாக்கு மேஸ்திரியைக் கிடங்குக்கு மாற்றினார்கள். அந்த வேலை உனக்கு வந்ததா? முதலாளி என் தோளில் தட்டி, "பொம்பளை பேரை மேஸ்திரின்னு எழுதினா யாவாரி சிரிப்பான். நீ தொட்டி மேஸ்திரி. ருசி அவ பாக்கட்டும்" என்றார். நான், "சரிங்க" என்று கட்டை விரலை நீட்டினேன். மையில் தோய்த்து வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நீ கேட்டது ஒன்றே ஒன்று.

"ஏன்யா, என் நாக்கை உன் பேர்ல எழுதிக்கினாங்களே, நீ இன்னா ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கலியா?"

"ரெண்டு பேர் கூலியும் ஒரு வீட்டுக்குத்தானே வருது" என்றேன். நீ அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாய்.

அதற்குப் பிறகு ஆண்கள் வருவதற்கு முன்பே பின்வாசல் வழியாகப் போய் ருசி பார்த்து, என் காதில் சொல்லிவிட்டு, மறுபடி உலக்கைக்குப் போவாய். வியாபாரிகள் வந்தால் பட்டை அம்பாரத்துக்குப் பின்னால் நிற்பாய். ஒருவன் வேண்டுமென்றே உன் ருசிக் கிண்ணத்தில் சுண்ணாம்பைக் கரைத்துவிட்டான். ஒரு வாரம் உன்னால் சோறு தின்ன முடியவில்லை. என்னைக் கேலி செய்தவர்கள் எனக்குக் கூழ் கொடுத்தார்கள். உன்னைக் கேலி செய்தவர்கள் உனக்குச் சுண்ணாம்பு கொடுத்தார்கள். இந்த வித்தியாசம் அப்போதே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் மேஸ்திரியாகவே இருந்தேன்.

இப்போது சேதி கேள். தொட்டிக்கு ருசி பார்ப்பது நம் சகாயமேரிதான். உன் நாக்கு அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது. போன வாரம் சின்ன முதலாளி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். தொட்டி மேஸ்திரிக்குப் புதிதாகத் தாள் எழுதுகிறார்களாம். பழைய மேஸ்திரி என்று நான் சாட்சியாம். கணக்கப்பிள்ளை மைப்பெட்டியைத் திறந்தார்.

"விரலைக் காட்டுங்க பெரியவரே."

"இருப்பா. படிச்சிட்டுக் காட்டறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் படித்தேன். ஒவ்வொரு எழுத்தாக. கணக்கப்பிள்ளை இரண்டு தடவை பெருமூச்சு விட்டார். சகாயமேரியின் 'ச' எங்கே என்று தேடினேன். 'அ'தான் இருந்தது. அந்தோணி. நம் மருமகன்.

"முதலாளி, இது தப்பு. தொட்டியில நாக்கு வெக்கிறது எம்பொண்ணு."

"வழக்கம்தானே? உங்களுக்கும் அப்படித்தானே எழுதினாங்க?"

இந்தத் தடவை நான் தரையைப் பார்க்கவில்லை. "எனக்கு எழுதினதும் தப்புதான். நாக்கு என் பொஞ்சாதியோடது. அந்தப் பட்டைய மழையில நனைய வுட்டவன் நான்" என்றேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன். கணக்கப்பிள்ளை மைப்பெட்டியை மூடினார்.

பக்கத்தில் நின்ற அந்தோணி என்ன சொல்வானோ என்று பயந்தேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "எனக்குத் துவர்ப்பும் தெரியாது, புளிப்பும் தெரியாது மாமா. அவ பேரையே போடச் சொல்லுங்க" என்றான். நான் முப்பது வருஷமாகச் சொல்லாததை அவன் நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டான்.

நம் பெண் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "எம்பேரு இல்லேன்னா, நாளையிலேர்ந்து நாக்கை வீட்டுல வெச்சுட்டு வர்றேன் முதலாளி" என்றாள். உன் வாய் அன்னம்மா, அப்படியே உன் வாய்!

சின்ன முதலாளி சிரிக்கவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டு, "புதன்கிழமை வாங்க" என்றார். நாளைதான் புதன்கிழமை. இரண்டு பேருக்கும் வேலை போகலாம். குடிசையும் போகலாம். அந்தோணி கூரைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறான். சகாயமேரி வாயைக் கொப்பளித்துவிட்டு, நாக்கு சுத்தமாக இருக்கவேண்டும், காலையில் பாக்கு கூடப் போடமாட்டேன் என்கிறாள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நாளை அந்தத் தாளை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிப்பேன். எத்தனை பேர் பெருமூச்சு விட்டாலும் படிப்பேன். அதில் நம் பெண்ணின் பேர் இருந்தால், என் பேரை முழுசாக எழுதுவேன். கீழே இடம் விட்டிருந்தால் 'அன்னம்மாவின் புருஷன்' என்றும் எழுதுவேன். இல்லாவிட்டால் பென்சிலை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பிவிடுவேன். கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டேதான் போகிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்,
சகாயமேரியின் அப்பன்
சவரிமுத்து