சிபானாவின் செருப்பு மலைக்குப் போன கதை

ஆகஸ்ட் 12, செவ்வாய்

குடும்பத்தோடு மூன்று நாள் மலைநாட்டில் சுற்றிவிட்டு, நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகுதான் வீடு வந்து சேர்ந்தோம். இரண்டு காலும் வீங்கிப்போய்க் கிடக்கின்றன, வலது குதியில் கொப்புளம் வேறு. தைக்க வேண்டிய அபாயா மூன்று மேசையில் கிடக்கிறது. தொடவில்லை.

போனில் 614 படங்கள். எல்ல, ரயில், நானு ஓயா, நுவரெலியா, திரும்பவும் எல்ல. காலையிலேயே போனைத் தூக்கிக்கொண்டு தங்கச்சி சிபானாவிடம் ஓடினேன். பக்கத்து வளவுதான். அவளுடைய மாப்பிள்ளை சாஜித் மௌத்தாகி இன்றைக்கு நூற்றுப் பதினான்கு நாள். புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம் முடிய இன்னும் இரண்டு கிழமை கிடக்கிறது.

இந்தப் பயணமே அவள் போட்ட திட்டம். நோன்பு காலத்திலேயே வேன் பேசி, “முன் சீட் எனக்கு” என்று சொல்லி வைத்தவள். பெருநாள் முடிந்து மூன்று கிழமையில் சாஜித் போய்விட்டார். நாங்கள் பயணமே வேண்டாம் என்றபோது, “நான் இத்தா இரிக்கிறது காணாதா? நீங்களுமா இரிக்கப் போறீங்க? போய்ட்டு வாங்க!” என்று ஏசி அனுப்பியவளும் அவள்தான்.

அப்படிப்பட்டவள் இன்றைக்கு என் காலைத்தான் பார்த்தாள். “குதியில என்ன?” என்றாள். மலை ஏறினது என்றேன். “ம்” என்றுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். “படம் ஒண்டும் எனக்குக் காட்ட வேணாம்.”

வெளியே வரும்போது உம்மா கையைப் பிடித்தார். “இத்தா முடிஞ்சாலும் படிய விட்டு இறங்க மாட்டன் எண்டு சொல்றா, மகள்” என்றார். உம்மா அழுது நான் அதிகம் கண்டதில்லை. இன்று கண்டேன்.

சரி. படத்தைப் பார்க்க மாட்டாளாம். அப்போ நடக்கிற படம் காட்டுகிறேன். இத்தா முடிவதற்குள் அவளைச் சிரிக்க வைக்காவிட்டால் நான் ஸுஹைறா இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

வீடியோ செய்யப்போகிறேன் என்று சொன்னதுதான் தாமதம், அக்கா தங்கச்சி நாலு பேரில் மூத்தவர் றினோஸா ராத்தா சட்டம் போடத் தொடங்கிவிட்டார்.

“பொம்புளைகள்ற முகம் ஒண்டும் வரப்படாது. வீடியோ எண்டா எப்பிடியும் குடும்பக் குறூப்புக்குப் போகும். அங்க மச்சான்மார், மருமகன்மார் எல்லாம் இரிக்காங்க.”

சரி என்றேன்.

“ஆம்புளைகள்ற முகமும் வேணாம். அவ இத்தாவில இரிக்கா. அன்னிய ஆம்புளையளக் காட்டுறயா?”

“காரைதீவு டிரைவர் பாக்கியராசா அண்ணன் வேன் ஓட்டுறதும் வேணாமா?”

“காரைதீவான் எண்டா ஆம்புள இல்லயாகா?”

“பாட்டு?”

“இத்தா வீட்டில பாட்டா!”

பொம்பிளை இல்லை, ஆம்பிளை இல்லை, பாட்டு இல்லை. மிச்சம் என்ன, நுவரெலியாக் குதிரையா? கேட்டேவிட்டேன். குதிரை பரவாயில்லையாம்.

கடைசித் தங்கச்சி மஸாஹிறாவின் மாப்பிள்ளை நளீமுக்கு ஸ்டூடியோ இருக்கிறது. கலியாண வீடியோதான் தொழில். மலை, அருவி என்று ஆளில்லாத படம் இருபது கேட்டு வாங்கி, மாலை மஃரிபுக்கு முன்னமே செய்து அனுப்பிவிட்டார். ஒவ்வொரு படமும் ரோசாப்பூவுக்குள் இருந்து விரிகிறது. இராவணா அருவிக்கு மேல் இரண்டு இதயம் துடிக்கிறது. நாலு மாதத்துக்கு முன் மாப்பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு இதையா காட்டுவது? “மச்சி, இதெல்லாம் உங்களால ஏலா, என்னட்ட விடுங்க” என்று கீழே ஒரு குரல்பதிவு வேறு.

ஏலாதாம்! பார்ப்போம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வீடியோ செய்கிற அப் இறங்கவில்லை. போனில் இடமில்லை.

ஆகஸ்ட் 16, சனி

மகன் அனுப்பிய விளையாட்டு, யார் யாரோ அனுப்பிய காலை வணக்கம் எல்லாவற்றையும் அழித்து இடம் பிடித்தேன். அப் இறங்கியது. 614 படத்தையும் ஒரே மூச்சில் போட்டேன். படத்துக்கு ஐந்து செக்கன். ஐம்பத்தொரு நிமிசம்!

என் மாப்பிள்ளை முர்ஷித்தைப் பிடித்து உட்கார வைத்துக் காட்டினேன். நாலாவது நிமிசத்தில் குறட்டை. எழுப்பினேன். “நல்லாத்தானே இரிக்கி, என்னத்துக்கு நிப்பாட்டின?” என்கிறார். மனிதர் தேயிலைத் தோட்டம் வரைக்கும்கூட வரவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ராத்தாவின் சட்டப்படி கழித்துப் பார்த்தேன். முகம் உள்ளதெல்லாம் போனது. ரயிலில் வடை விற்றவர் போனார். பாக்கியராசா அண்ணன் போனார். அருவிக்கரையில் யாரோ வெள்ளைக்காரன் சட்டையில்லாமல் நிற்கிறான், அவன் முதலாவதாகப் போனான். மிச்சம் தொண்ணூற்று மூன்று.

அந்தத் தொண்ணூற்று மூன்றும் என்ன? முதுகு. கை. தேத்தண்ணிக் கோப்பை. குதிரை. பாதிக்குக் கிட்ட, போனைப் பிடிக்கத் தெரியாமல் நான் என் காலடியிலேயே அமத்தி விட்ட படங்கள். அழுகை வந்தது. மூன்று நாள் சுற்றிவிட்டுச் செருப்பையா படம் பிடித்துக் கொண்டு வந்திருக்கிறேன்?

லுஹர் தொழுதுவிட்டுத் திரும்பவும் பார்த்தேன். பண்டாரவளைப் பள்ளியில் தொழ இறங்கியபோது எடுத்த படம் ஒன்று. பெண்கள் தொழும் பகுதியின் வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடக்கின்றன. பார்த்த உடனேயே ஆள் தெரிகிறது! தடித்த கறுப்புச் செருப்பு றினோஸா ராத்தா, முழங்கால் டொக்டர் சொல்லி வாங்கியது. கல் வைத்த உயர்ந்த குதி மஸாஹிறா, அதோடுதான் அருவிக்கும் இறங்கினாள், அவளைச் சொல்லி என்ன. முகம் எதற்கு? நாங்கள் நாலு பேரும் பிறந்ததில் இருந்து ஒரே வாசலில் செருப்புக் கழற்றுகிறவர்கள்.

செருப்புகள் நடக்க வேண்டும். செருப்புகள்தான் பயணம் போக வேண்டும்.

ராத்தாவுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். “செருப்புக்குச் சட்டம் இல்ல” என்றார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஒரு சோடிச் செருப்பை வெட்டி எடுக்க ஒரு மணித்தியாலம். விரல் நுனியால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே போகவேண்டும், அபாயாக் கைக்குழி வெட்டுகிற மாதிரி. அவசரப்பட்டால் வார் அறுந்துபோகும். அந்த வேலை எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் வேறு என்ன செய்தேன்?

பிறகு இடதை ஒரு அடி, வலதை ஒரு அடி. ஒரு அடிக்கு நாலு தடவை நகர்த்த வேண்டும். மஃரிபுக்குள் ராத்தாவின் கறுப்புச் செருப்பு திரையின் இந்தக் கரையில் இருந்து அந்தக் கரைக்கு நடந்தது. அவர் மாதிரியே, அவசரமே இல்லாமல். தனியே இருந்து கை தட்டினேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அல்லாஹ்வே. என்ன வேலை செய்து வைத்திருக்கிறேன்.

இன்று என் செருப்பை வெட்ட எடுத்தேன். மண்ணிறம், இரண்டு வார். பெரிதாக்கிப் பார்த்தால் வாரில் நான் கறுப்பு நூலால் போட்ட தையல் இல்லை. என் செருப்பில் தையல் இருக்கிறதே! இதில் பித்தளை வளையம் மினுங்குகிறது. புத்தம் புதுசு.

இது சிபானாவின் செருப்பு. இரண்டு பேரும் கல்முனையில் ஒரே கடையில், ஒரே நிறத்தில் எடுத்தவை. என்னுடையது போன வருஷம், அவளுடையது இந்தப் பயணத்துக்கென்று நோன்பில். போட்டு ஒரு நாள் நடந்ததில்லை. வேன் அவளுடைய வாசலுக்குத்தான் வந்தது. சுபஹுக்கு முந்திய இருட்டில் உள்ளே போய் அவளுக்கு ஸலாம் சொல்லிவிட்டு, வெளியே வந்து காலில் பட்டதைக் கொளுவிக்கொண்டு ஏறியிருக்கிறேன். ஒரு அளவு சிறுசு. அதுதான் குதியைக் கடித்திருக்கிறது! நானோ மூன்று நாளும் மலையை ஏசினேன்.

வந்த அன்று கழற்றி எறிந்தது இன்னும் எங்கள் படிக்குக் கீழே கிடக்கிறது. அடியில் மலைச் செம்மண். அப்போ என்னுடையது எங்கே? தெரியவில்லை.

புருஷனை இழந்து வீட்டுக்குள்ளே இருக்கிறவள்ற புதுச் செருப்பையும் போட்டுக்கொண்டு ஊர் சுத்திட்டு வந்திரிக்கன். மனிசியா நான்? இதை எப்பிடிச் சொல்ற?

ஆகஸ்ட் 20, புதன்

ராத்தாவிடம் சொன்னேன். வாயில் கை வைத்துக்கொண்டார். “அவட மனசு உடைஞ்சிரும்கா. அந்தப் படங்கள அழி. செருப்பக் கழுவி, தெரியாம வாசல்ல வெச்சிரு.”

அழிக்கலாம்தான். தொண்ணூற்று மூன்றில் நாற்பத்தொன்று அந்தச் செருப்பு. அருவிப் பாறையில் நிற்பது அது. ரயில் கதவடியில் நிற்பது அது. தேயிலைக்கு நடுவே, குதிரைக்குப் பக்கத்தில், எங்கே பார்த்தாலும் அதுதான் முன்னுக்கு நிற்கிறது. அதை அழித்தால் என்ன மிச்சம்?

அதோடு, களவாகக் கொண்டுபோய் வைத்தால் நான் கள்ளி. காட்டினால் பைத்தியக்காரி. பைத்தியக்காரியாக இருந்துவிட்டுப் போகிறேன். சிபானாவின் செருப்புத்தான் இனிக் கதாநாயகி. ராத்தாவுக்குச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

முடிந்தது! நாலரை நிமிசம்.

பாட்டுக்குப் பதிலாக, ரயிலில் எடுத்த வீடியோவில் இருந்து வடைக்காரரின் குரலை மட்டும் உருவி எடுத்தேன். அருவிச் சத்தம், பாக்கியராசா அண்ணனின் வேன் ஹோர்ன், ஒரு குதிரைக் கனைப்பு. தேயிலைச் சரிவில் செருப்புகள் வரிசையாக ஏறுகின்றன. மஸாஹிறாவின் உயர்ந்த குதி மட்டும் மூன்று தரம் வழுக்கி விழுகிறது. முர்ஷித்தின் இறப்பர் செருப்பு ஒவ்வொரு இடத்திலும் மூலையில் சாய்ந்து படுத்திருக்கிறது.

முர்ஷித் பார்த்தார். நித்திரை கொள்ளவில்லை! முடிந்ததும், “என்ட செருப்பு எங்க பாத்தாலும் படுத்திரிக்கி” என்றார். “நீங்க எங்க படுக்கல்ல?” என்றேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும்.

அஸர் தொழுதுவிட்டுப் போனோம். சிபானா வழமைபோல் சுவர்ப் பக்கம். உம்மா, ராத்தா, மஸாஹிறா எல்லாரும் கட்டிலைச் சுற்றி. நான் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து ஓடவிட்டேன்.

முதலில் வேன் ஹோர்ன். அவள் திரும்பவில்லை. “வடே, வடே, இஸ்ஸோ வடே!” இறால் வடைக்காரரின் குரலுக்குத் தலை கொஞ்சம் அசைந்தது. குதிரை கனைத்தது. திரும்பிவிட்டாள்.

“இது றினோஸா ராத்தாட” என்றாள். “இது மஸாஹிறாட. அருவிக்கும் இதையா போட்ட, விசர்ப் புள்ள? இது முர்ஷித் மச்சான்ட, ஓம், படுத்திரிக்கி.”

பிறகு பித்தளை வளையம் மினுங்க அந்தச் சோடி முன்னுக்கு வந்தது. எல்லாருக்கும் முதல் ஆளாக ரயிலில் ஏறிக் கதவடியில் நின்றது. ராத்தா என் தொடையைக் கிள்ளினார், இன்னும் நீலமாக இருக்கிறது.

சிபானா எழுந்து உட்கார்ந்தாள். குனிந்து கட்டிலுக்கு அடியில் கையை விட்டு, ஒரு சோடியை எடுத்து மெத்தையில் வைத்தாள். கறுப்பு நூல் தையல். என் செருப்பு!

“வேன் போய்க் கொஞ்ச நேரத்திலயே உம்மா கண்டுட்டாங்க” என்றாள். “நான்தான் உள்ளுக்கு எடுத்து வெச்சன். நீங்க வந்து சொல்லுவீங்க எண்டு பாத்தன். வந்து, மலை ஏறின குதி எண்டு பொய் சொல்றீங்க! என்னையும் விட்டுட்டு, என்ட செருப்பையும் கொண்டு போய்ட்டா எண்டு எரிஞ்சு கொண்டிரிந்தன்.”

“அல்லாஹ் மேல ஆணையா எனக்குத் தெரியாதுகா. செவ்வாய்க்கிழமைதான் கண்டன். நான் மலைதான் எண்டு நினைச்சு...”

“மலையாம்! அளவு தெரியாதா உங்களுக்கு? மூணு நாளும் ஒரு அளவு சின்னச் செருப்போட நடந்திரிக்கா, உம்மா!”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே உதடு கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழிய, பழைய சிபானா மாதிரி. உம்மா அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டே அழ, மஸாஹிறா என் முதுகில் அடிக்க, சட்டம் போட்ட றினோஸா ராத்தாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

“அவர் பாத்திரிந்தா விழுந்து விழுந்து சிரிச்சிரிப்பார்” என்றாள் பிறகு. நாலு மாதத்தில் சாஜித்தைப் பற்றி அவள் வாயைத் திறந்தது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் அழுதாள், நாங்களும் அழுதோம். பிறகு, “திரும்பப் போடுங்க” என்றாள். ஆறு தரம் போட்டோம்.

வென்றுவிட்டேன். வேறெப்படிச் சொல்வது? வென்றுவிட்டேன்!

ஆகஸ்ட் 25, திங்கள்

குடும்பக் குறூப்பில் போட்டேன். அறுபத்து மூன்று பேர். கட்டாரில் இருந்து, இறக்காமத்து மாமி வீட்டில் இருந்து, ஒரே குரல்பதிவு. எந்தச் செருப்பு யாருடையது என்று போட்டியே நடக்கிறது. மாமி முர்ஷித்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்.

நளீம் கோல் எடுத்தார். “மச்சி, யார் செஞ்ச? கொழும்பிலயா குடுத்த?”

“மேசையில செஞ்சன். தையல் மெஷினுக்குப் பக்கத்தில.”

அடுத்த மாதம் ஒரு கலியாணமாம், பொண்ணு மாப்பிள்ளையின் செருப்பு இரண்டையும் இப்படி நடக்க வைத்துத் தர ஏலுமா என்று கேட்டார். “ரோசாப்பூ வேணாமா மச்சான்?” என்றேன். இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் பன்னிரண்டு நாளாகக் காத்திருந்தேன்.

ஆகஸ்ட் 27, புதன்

இத்தா முடிந்தது. காலையில் இருந்து ஆட்கள். துஆ ஓதினார்கள். செருப்பைக் கழுவிக் கொண்டு போனேன். “ஏன் கழுவின?” என்று ஏசினாள். அடியில் கொஞ்சம் செம்மண் மிச்சம் இருந்தது. அதைப் பார்த்துச் சமாதானமானாள். படி இறங்கவில்லை.

நான் வீட்டுக்கு வந்து அபாயாவுக்குக் கை வெட்டினேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

அஸருக்குப் பிறகு அபாயாவுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. சிபானாவிடம் இருந்து ஒரு படம். கல்முனைக் கடற்கரை. ஈர மணலில் இரண்டு சோடிச் செருப்பு. ஒன்று உம்மாவுடையது. மற்றதில் பித்தளை வளையம், அதன் முன்னுக்கு அலை நுரை.

கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்.

“ராத்தா, இதையும் நடக்க வைங்க.”

அபாயாவை ஒதுக்கி வைத்துவிட்டு வெட்டத் தொடங்கியிருக்கிறேன்.