நீ கால் நீட்டிய ஜமுக்காளம்

தம்பி,

இன்று காலை ஜமுக்காளத்தை வெயிலில் போட்டேன். உதறும்போது உன் சுளுக்குத் தைல வாசம் லேசாக வந்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷத் துவைப்புக்குப் பிறகு எங்கே இருக்கும் என்று இவர் சிரிக்கிறார். இருக்கட்டும், எனக்கு வந்தது. நீ போய்விட்டாய் என்று உன் மகள் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய சேதியைப் போன வாரம் பேத்தி வாசித்துச் சொன்னதிலிருந்து, எதைத் தொட்டாலும் நீதான் வருகிறாய்.

உனக்குத் தமிழ் தெரியாது. எனக்கு இங்கிலீஷில் எழுத வராது. தமிழிலேயே ஐந்தாம் வகுப்போடு சரி. நாம் பேசிக்கொண்டதும் இப்படித்தானே? நான் தமிழில் கேட்பேன், நீ தட்டை நீட்டுவாய்.

அப்போது இந்த நாட்டுக்கு வந்த புதிது; பாபகூரா என்ற ஊரில் வாடகைக்கு இருந்தோம். இவர் ஸ்டேடியத்தில் துப்புரவு பார்த்தார். சம்பளம் கொடுத்துக் கூடைப்பந்து ஆடவைப்பது இந்த நாட்டில் அப்போதுதான் பழக்கமாகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு டீமும் அமெரிக்காவிலிருந்து ஓரிரு ஆட்டக்காரர்களை வரவழைத்து, யார் வீட்டிலாவது தங்கவைக்கும். மேனேஜர் கேட்டதும் இவர் தலையாட்டிவிட்டு வந்தார். மறுவாரம் வாசலில் நீ நின்றாய். முகம் தெரியவில்லை; கதவு நிலை மறைத்தது.

எங்களிடம் நல்ல கட்டில் ஒன்றுதான். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இரும்புக் கம்பி. விருந்தாளிக்குத்தான் கட்டில், அதில் யோசிக்க என்ன இருக்கிறது? உனக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் சின்ன அறையில் தரையில் படுத்தோம். "ஸ்லீப் குட்?" என்று தினமும் கேட்பேன். "வெரி குட், அக்கா" என்பாய்.

ஆட்டம் மட்டும் 'வெரி குட்' ஆக இல்லை. உன்னால் எம்பவே முடியவில்லை என்றும், கோச் உன்னைச் சோம்பேறி என்று கத்துகிறார் என்றும் இவர் வந்து சொல்வார். ஒருநாள் மேனேஜர் வீட்டுக்கே வந்தார். சனிக்கிழமையும் இப்படியே ஆடினால் உன்னைத் திருப்பி அனுப்பிவிட்டு வேறு ஆளை வரவழைப்போம் என்றார். உன் ஊர் டீம்களில் ஏற்கெனவே நீ வேண்டாமென்று சொல்லிவிட்டார்களாம். இங்கேயும் சொல்லிவிட்டால் இனிப் பந்தையே தொடமாட்டேன் என்று இவரிடம் சொன்னாய். அன்று தட்டை நீட்டவில்லை.

மறுநாள் விடியற்காலை ஸ்வெட்டர் எடுக்க அந்த அறைக்குள் வந்தேன். முழங்கால் தாடையில் இடிக்க, மடக்குக் குடை மாதிரி கிடந்தாய்.

"ஏங்க, இங்க வந்து பாருங்க, புள்ள தூங்குற அழக."

இவர் பார்த்தார். "அடப்பாவி! ஒரு வார்த்த சொல்லலையே."

"எப்படிச் சொல்லும்? கட்டிலக் குடுத்துட்டு நாம தரையில கிடக்கோம்னு அதுக்குத் தெரியும்ல. இன்னைக்கு ஹால்ல ஜமுக்காளத்த விரிச்சிரலாம்."

"விருந்தாளியத் தரையில போடுறதா? ஊர்ல கேட்டா காறித் துப்புவாங்க."

"துப்பட்டும். முதல்ல புள்ள கால நீட்டட்டும்."

ஹாலில் நீளவாட்டத்தில் படுத்தால்தான் நீ அடங்குவாய். வடக்கே தலை வைக்கக் கூடாது. தெற்கே வைத்தால் உன் கால் சாமி அலமாரியில் போய் நிற்கும். சாமி படங்களைத் தூக்கிச் சமையலறையில் வைத்தேன்.

"சாமி கோவிச்சுக்கும்டி."

"இட்லி வாசத்துல மறந்துரும்."

விரிப்பைப் பார்த்ததும் உன் முகம் விழுந்துவிட்டது. சரியாக ஆடாததால் தரைக்கு இறக்கிவிட்டோம் என்று நினைத்திருப்பாய். இவர் சட்டென்று அதில் படுத்துக் காலை நீட்டிக் காட்டினார். பிறகு நீ படுத்தாய். நீட்டினாய், நீட்டினாய், நீட்டிக்கொண்டே போனாய். விளக்கை அணைப்பதற்குள் தூங்கிவிட்டாய்.

காலையில் சமையலறைக்குப் போக வழியில்லை. தூங்குகிறவரைத் தாண்டினால் வளரமாட்டார்கள் என்று எங்கள் பக்கம் ஒரு பயம் உண்டு. காலைத் தூக்கிக்கொண்டு தயங்கி நின்றேன்.

"தாண்டு தாண்டு," என்றார் இவர். "இதுக்கு மேல வளந்தா கூரையப் பிரிக்கணும்."

அந்தச் சனிக்கிழமை சேலைமேல் கோட்டைப் போட்டுக்கொண்டு நானும் வந்தேன். முதல் பாதி முழுக்க உன்னை உட்காரவைத்தார்கள். பிறகு இறக்கினார்கள். எனக்கு விதி ஒன்றும் தெரியாது. நீ எம்பியதும் சுற்றி இருந்தவர்கள் எழுந்து நின்றது தெரிந்தது, அது போதும். அன்று தோற்றோம், கடைசி நிமிஷத்தில். ஆனால் மேனேஜர் இவர் தோளைத் தட்டி, அவன் இருக்கட்டும் என்றார். "என்ன சாப்பாடு போட்டீங்க?" என்று வேறு கேட்டாராம். "சாப்பாடு இல்ல, தரை" என்று இவர் சொன்னது அவருக்குப் புரியவே இல்லை.

கோப்பை வரவில்லை. ஆனால் கடைசி ஆட்டம்வரை நீ ஆடினாய். ஊருக்குப் போகும் அன்று ஜமுக்காளத்தின் ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் நான் பிடித்து மடித்தோம். நீ பிடித்த பக்கம் மேலே மேலே போக, எட்டாமல் நான் திட்டினேன். நீ மண்டிபோட்டு மடித்தாய்.

உன் மகள் எழுதியிருந்தாள்: அப்பா களைத்து வந்தால் ஹால் தரையில்தான் நீட்டிப் படுப்பார், நாங்கள் அவரைத் தாண்டித் தாண்டித்தான் வளர்ந்தோம் என்று. அதுவரை அழுதுகொண்டிருந்தவள், அந்த இடத்தில் சிரித்துவிட்டேன்.

இப்போது பிளாட் புஷ் என்ற பகுதியில் மகன் வீட்டில் இருக்கிறோம். ஹாலில் சாமிக்கென்று தனி அலமாரி செய்து வைத்திருக்கிறான். "இன்னும் சாமி கிச்சன்லதானாம்மா?" என்று கேட்டு அலுத்துவிட்டான். ஊரிலிருந்து படிக்க வரும் பிள்ளைகள் இங்கே வந்து தங்குவார்கள். கட்டிலைக் காட்டிவிட்டு, "நல்லாத் தூங்குனியா?" என்று நான் யாரையும் கேட்பதில்லை. எல்லாரும் வெரி குட் என்றுதான் சொல்வார்கள். விடியற்காலையில் கதவை லேசாகத் திறந்து, கால் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன்.