ஊரைவிட்டுப் போகச் சொன்னவர்

வெர்மான்ட், ஜூன் 1811

அன்புள்ள அம்மாவுக்கு லொவினாவின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? இந்தப் புது ஊருக்குக் குடிவந்த எட்டு நாள் மாட்டுவண்டிப் பயணத்தில் பிள்ளைகளுக்கு ஒரு தும்மல்கூட இல்லை; ஆண்டவருக்கு நன்றி.

போன வாரம் உங்கள் மாப்பிள்ளை மரம் வெட்டப் போயிருந்தபோது, ஊர்க்காவலர் ஸ்ப்ரேக் வாசலில் வந்து நின்றார். நாங்கள் குடும்பத்தோடு ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்ற ஊர்ச்சபை உத்தரவை உரக்கப் படித்து, நகலையும் கையில் கொடுத்தார். நான் அழுதுகொண்டே சட்டிபானைகளை வண்டியில் ஏற்றத் தொடங்கினேன்.

"அட, என்னம்மா பண்றே? இறக்கு, இறக்கு!" என்று அவர் பதறிவிட்டார். "புதுசா வர்ற எல்லாருக்கும் இதைப் படிச்சாகணும். நாளைக்கு நீங்க நொடிச்சுப் போனா ஊர் சோறு போட வேண்டியதில்லைன்னு ஒரு ஏற்பாடு, அவ்வளவுதான். யாரும் போறதில்ல. எனக்கும்தான் படிச்சாங்க. பதினாறு வருஷமா இங்கதான் கெடக்கேன்."

ஊர் சோறு போடாது என்று சொன்னவரே மறுநாள் உருளைக்கிழங்கு மூட்டையோடு வந்தார்.

உங்கள் வேலியோர அவரை விதையில் ஒரு பிடி அனுப்புங்கள். உங்கள் கைக்குட்டையிலேயே முடிந்து அனுப்புங்கள், துவைக்க வேண்டாம்.

தபால்காரர் அவசரப்படுத்துகிறார். வேறு தாள் கிடைக்காததால் அந்த உத்தரவின் பின்பக்கத்தில்தான் எழுதியிருக்கிறேன். முன்பக்கத்தைப் படித்துப் பதறாதீர்கள், அம்மா. நாங்கள் இங்கேதான் இருப்போம்.

லொவினா